வள்ளூர் பரணில் ஒரு மியூசியம்

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் ஒரே நாளில் கூடி வந்துவிட்டால் வட சென்னைப் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என்று மூன்று அம்மன்களையும் தரிசித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று இவர்களைச் சொல்வது வழக்கம். இதில் முதல் அம்மன் இருக்கும் மேலூருக்கு அக்கம்பக்கத்து ஊர்தான் வள்ளூர். என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர்.

மேலூர் தரிசனத்தை முன்னிட்டு முதல் நாளே அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து இறங்கிய ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும்!

ரயிலில் போகலாம்

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊர்ப் பெயராக வைத்துக்கொண்ட இடம் விம்கோ நகர். எண்ணூர் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தில் ஏறும். கீழே விரிந்து கிடப்பது எண்ணூர் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்கள், தூரத்தில் உயர்ந்த புகைபோக்கிகள், கரையோர அலையாத்திச் செடிகளில் கந்தல் கந்தலாகச் சிக்கிய பிளாஸ்டிக் பைகள், எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

"சனியன், இந்தப் பிளாஸ்டிக்குக்கு அழிவே கிடையாது!" என்று எதிர் ஸீட்டில் இருந்த அம்மாள் சலித்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

மீஞ்சூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வள்ளூர் வந்துவிடும். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. இன்று வள்ளூர் என்றாலே அனல் மின் நிலையம்தான் நினைவுக்கு வரும். 500 மெகாவாட் வீதம் 3 யூனிட்டுகள், மொத்தம் 1500 மெகாவாட். அத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அதன் புகைபோக்கிகள்தான் முதலில் கண்ணில் படும்.

பெட்டி திறந்தது

அத்தையின் சின்னப் பேரன், கிண்டியில் சிப்பெட் என்கிற மத்திய பிளாஸ்டிக் நிறுவனத்தில் படிக்கிறவன், பெட்டியைக் கீழே இறக்கித் திறந்தான். குப்பென்று புளித்த வாடை வந்தது.

"என்னடா இது, ஊறுகாய் ஜாடி ஏதாவது உடைஞ்சிருக்கா?" என்றார் அத்தை.

"ஊறுகாய் இல்ல ஆயா. தாத்தா எடுத்த போட்டோ நெகடிவ்வு" என்றான் அவன்.

மாமா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கேமரா என்றால் உயிர். அவர் எடுத்த படங்களின் பிரதிகள் ஆல்பத்தில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பம் ஊறி, தாளோடு தாள் ஒட்டிப் போய்விட்டது. பரணில் இருந்ததால் நெகடிவ் மட்டும் தண்ணீரிலிருந்து தப்பியது. மாமா போய் வெகு காலமாகிறது. அத்தையின் வளைகாப்பு, அன்றைய வள்ளூர் வயல், எண்ணூர்க் கழியில் படகு, எல்லாம் இனி இந்த ஆறு சுருள்களில்தான்.

பெட்டியில் வேறு சாமான்களும் இருந்தன. அத்தையின் அம்மா வைத்திருந்த மஞ்சள் நிறச் சீப்பு. பக்கத்தில் பச்சை பூத்துப்போன பித்தளைக் குங்குமச்சிமிழ். கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும் ஒரு குழந்தைப் பொம்மை. மாமாவின் கறுப்புப் பெட்டிக் கேமரா, அதற்கு மெத்தையாக வைத்த ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்சைத் தொட்டதும் பொரிமாவு போல உதிர்ந்தது.

"அழிவே கிடையாது" என்று ரயிலில் அந்த அம்மாள் சொன்னது என் நினைவுக்கு வந்தது. இங்கே இத்தனையும் அழிந்துகொண்டிருந்தது!

மூக்குதான் டாக்டர்

பேரன் சீப்பை விரலால் பரபரவென்று தேய்த்து என் மூக்கருகே நீட்டினான். "என்ன வாடை சித்தி?"

லேசாகக் கற்பூர வாடை.

"எங்கம்மா இதை யானைத் தந்தம்னு சொல்லித்தாண்டா குடுத்தாங்க" என்றார் அத்தை.

தந்தம் இல்லை, செல்லுலாய்டு. தந்தத்துக்கும் ஆமை ஓட்டுக்கும் மாற்றாக வந்த சரக்கு. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் இதைத் தொழிலாகவே நடத்தினார். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கற்பூரம் சேர்த்துச் செய்வது. அந்தக் கற்பூரம் வருஷக் கணக்கில் மெல்ல மெல்லக் காற்றில் போய்விடும். போகப் போகச் சீப்பு சுருங்கி, வெடித்து, பல் உதிரும். போதாததற்கு அமில ஆவியையும் கக்கும். பித்தளைச் சிமிழ் பச்சை பூத்தது அதனால்தான்.

நெகடிவ் புளிப்பதற்கு வேறு காரணம். பிற்காலத்துப் பிலிம் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து அசிடிக் அமிலம் வெளிப்படும். வினிகரில் இருப்பதும் அதுதான். ஒருமுறை புளிக்க ஆரம்பித்தால் அந்தப் புளிப்பே மேலும் புளிக்க வைக்கும். பக்கத்துச் சுருளையும் சேர்த்துக் கெடுக்கும். இட்லி மாவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! வெளிநாட்டு நிபுணர்கள் இதற்கு 'வினிகர் நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 21 டிகிரி குளிர்ச்சியில் நடுத்தர ஈரப்பதத்தில் வைத்தால்கூடச் சுமார் 40 வருஷத்தில் புளிப்பு தலைகாட்டும் என்பது அவர்கள் கணக்கு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடியில் பரண், பக்கத்தில் கடல் ஈரம் என்றால் எத்தனை நாள் தாங்கும்?

பொம்மை ஒட்டுவது பி.வி.சி. சமாசாரம். இயல்பில் விறைப்பான அந்தப் பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்க ஒருவித எண்ணெய்ப் பொருளைச் சேர்ப்பார்கள். பல வருஷம் கழித்து அது வியர்வை போல மேலே கசிகிறது. தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் போனதும் பொம்மை விறைத்து வெடிக்கிறது.

உதிர்ந்த ஸ்பாஞ்ச் பாலியூரிதேன் நுரை. நம் சோபாவிலும் தலையணையிலும் இருப்பது. வள்ளூரிலிருந்து சென்னைக்கு மணலி வழியாகத் திரும்புகிறவர்கள் அந்த ரசாயனத் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த நுரைக்கு வேண்டிய பாலியால் என்ற மூலப்பொருள் அங்கே தயாராகிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் இருபது முப்பது வருஷத்தில் நுரை பொடிந்துவிடும்.

பெட்டியில் கலங்காமல் இருந்தது கேமராவின் கறுப்பு உடம்பு ஒன்றுதான். அது பேக்கலைட். 1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்தது. நம் பாட்டி வீட்டுக் குமிழ் ஸ்விட்சுகள் ஞாபகம் இருக்கிறதா? அதே சரக்குதான். பளபளப்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவே.

"அப்ப ஆத்தோரம் கெடக்குற பிளாஸ்டிக் பையி மட்டும் ஏண்டா அழியல?" என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி!

பையும் நொறுங்கத்தான் செய்கிறது. நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணிலும் மீன் வயிற்றிலும் தங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கின் தூள் போவதில்லை. பொருளின் உருவம்தான் போகிறது. குப்பை என்றால் தூளே நமக்கு ஆபத்து. ஞாபகப் பொருள் என்றால் உருவம் போனால் எல்லாம் போயிற்று.

மியூசியங்களின் கவலை

இந்தத் தொல்லை அத்தைக்கு மட்டும் வந்ததல்ல. உலகத்தின் பெரிய பெரிய மியூசியங்கள் இதே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பிசைகின்றன.

நம் எழும்பூர் மியூசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கியது. அங்கே 1930இலேயே பழம்பொருள்களைக் காப்பதற்கென்று ஒரு ரசாயனக் கூடம் அமைத்தார்கள். முனைவர் எஸ். பரமசிவன் அதன் முன்னோடி. மண்ணுக்குள் கிடந்து நோய் பிடித்த வெண்கலச் சிலைகளை மின்சாரம் செலுத்திக் குணப்படுத்தினார்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறார். சோழர் காலத்து வெண்கலம்; ஆயிரம் வருஷமாகியும் அழகு குறையவில்லை. வெண்கலத்துக்கு வைத்தியம் உண்டு. பிளாஸ்டிக்குக்கு? உதிர ஆரம்பித்ததைத் திரும்ப உறுதியாக்கும் வைத்தியம் கிடையாது. பத்தியம் மட்டும்தான் உண்டு.

1969இல் நிலாவில் நடந்தாரே நீல் ஆம்ஸ்ட்ராங், அவர் அணிந்த உடுப்பு வாஷிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதைத் தைத்தவர்கள் பெண்கள். உள்ளாடை தயாரித்து வந்த ஒரு கம்பெனியின் தையல்காரிகள். ரப்பரும் நைலானும் பல பிளாஸ்டிக்குகளும் அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைத்தது அது. சில நாள் பயணத்துக்கென்று செய்ததே ஒழிய, நூறு வருஷம் நிற்க வேண்டும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. ரப்பர் விறைத்து உடையத் தொடங்கிவிட்டது. 2015இல் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். 7 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அத்தனை பணத்தாலும் உடுப்பைப் புதிதாக்க முடியவில்லை. உள்ளே காற்றோட்டமான தாங்கி, குளிர்ந்த உலர்ந்த பெட்டி, குறைந்த வெளிச்சம், இவ்வளவும் ஏற்பாடு செய்து 2019இல் மீண்டும் பார்வைக்கு வைத்தார்கள். இதுவும் பத்தியம்தானே?

பத்தியம் இல்லாமல் போனதால் நாம் இழந்ததும் உண்டு. 1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் காலத்துச் சினிமாச் சுருள் நைட்ரேட். நம் செல்லுலாய்டு சீப்புக்கு உடன்பிறப்பு. தானாகவே மட்கும், தீயும் சட்டென்று பற்றும். 2003 ஜனவரியில் புனேயில் பாதுகாத்து வைத்திருந்த பழைய நைட்ரேட் சுருள்கள் ஒரு தீ விபத்தில் அழிந்தன.

வள்ளூரில் நாங்கள் செய்தது

முதலில் நெகடிவ்வின் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பேரன் பார்த்தான். இருந்தது. சட்டென்று தீப்பற்றாத வகை என்று அர்த்தம். பிறகு ஆறு சுருளையும் காற்றோட்டமான திண்ணையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். இரண்டு சுருள் அப்பளம் போல நெளிந்து, மேல் படலம் கழன்று வந்துவிட்டது. அத்தை ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்ததைப் பாருடா" என்றார்.

மற்ற நான்கும் பிழைத்தன. வெள்ளை வெளிச்சத்தின் மேல் ஒவ்வொரு துண்டாக வைத்து, போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கினான். வயல் வந்தது. படகு வந்தது. பதினோராவது படத்தில் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஓர் இளம்பெண், பின்னால் நின்று அவள் தலையில் பூ வைக்கும் ஓர் அம்மாள்.

"எங்கம்மாடா!" என்றார் அத்தை. "அந்தச் சீப்பாலதான் அன்னிக்குச் சீவி விட்டாங்க."

அதற்குள் பெரிய பேரனின் மனைவி அந்தப் பொம்மையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கைக்குழந்தையிடம் கொடுக்கப் போனாள். "அத்தை, பாட்டி பொம்மைன்னு பாப்பா விளையாடட்டுமே?" என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். இளம் தாய்மார்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் பொம்மைகளில் ஈயம், காட்மியம் கலந்த வர்ணங்கள் இருக்கலாம். கசியும் எண்ணெய்ப் பொருளும் பச்சைக் குழந்தையின் வாய்க்கு ஆகாது. பொம்மைகளுக்கு அரசாங்கத்தின் தர முத்திரை கட்டாயம் என்று நம் நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். பாட்டி காலத்துப் பொம்மையைக் குழந்தை பார்க்கட்டும், கடிக்க வேண்டாம்.

வீட்டுக்கான பத்தியம்

மியூசியம் செய்வதில் முக்கால்வாசியை நாமும் செய்யலாம்.

பரண் வேண்டாம். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். வெள்ளம் வராத உயரத்தில், வெயில் படாத உள்சுவர் அலமாரியின் நடுத்தட்டு நல்லது. சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம்.

ஒன்றோடு ஒன்று சேர்க்காதீர்கள். பழைய சீப்பு, கொண்டை ஊசி, பிலிம் இவற்றை வெள்ளி, பித்தளை, பட்டு, போட்டோ ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது. பொம்மைக்கு உலோகத் தோடு, வளையல் போட்டிருந்தால் கழற்றித் தனியே வையுங்கள். பார்பி பொம்மைகளுக்குக் காது பச்சையானது இப்படித்தான்.

செல்லுலாய்டுக்கும் பிலிமுக்கும் காற்று வேண்டும். தகர டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியே அதைத் தின்னும். காகித உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

பி.வி.சி. பொம்மைக்கு நேர்மாறு. அதை மூடி வைத்தால்தான் எண்ணெய் போகாது. இறுக மூடும் கண்ணாடி ஜாடி உத்தமம். பாலிதீன் பையும் பஞ்சும் அந்த எண்ணெயை உறிஞ்சும். ஆகவே அவை வேண்டாம். ஒரே பெட்டியில் இருந்த இரண்டு சாமானுக்கு இரண்டு பத்தியம், பாருங்கள்!

புளிப்பு வாடை வந்த நெகடிவ்வை முதலில் பிரதி எடுங்கள். பிறகு உறையிலிட்டு, காற்றுப் புகாத இரண்டு பைகளுக்குள் வைத்து, டப்பாவில் பெயர் எழுதி ஃபிரீஸரில் வைக்கலாம். வெளியே எடுத்தால் குளிர் முழுக்கத் தணியும்வரை, ஒரு நாள் ஆனாலும், பிரிக்காதீர்கள். வேர்த்துவிடும்.

பழைய சினிமாச் சுருள் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். திரைப்படக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கற்பூர வாடை வரும் எதையும் விளக்கருகே கொண்டு போகாதீர்கள்.

ஸ்பிரிட், பெட்ரோல், நகப்பூச்சு அழிப்பான் போட்டுத் துடைக்காதீர்கள். வெறும் துணியை அழுத்தித் தேய்த்தாலே கீறல் விழும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

அத்தை வீட்டுச் சீப்பு இப்போது காகித உறையில் தனியே இருக்கிறது. இன்னும் எத்தனை வருஷம் பல் உதிராமல் இருக்குமோ! ஆனால் அது யாருடைய சீப்பு, எந்த வளைகாப்பில் தலை வாரியது என்று பேரன் ஒரு சீட்டில் எழுதி, படத்தின் பிரதியோடு பத்திரப்படுத்திவிட்டான். மியூசியத்தில் இதற்குப் பதிவேடு என்று பெயர். பொருள் போனாலும் கதை நிற்கும்.

இன்று நாம் அலட்சியமாகப் புழங்கும் சாமான்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்த சிவப்பு, பச்சை, நீலக் குடங்கள். மத்தியானப் பொழுதில் தெருப் பெண்கள் கூடிப் பின்னிய ஒயர் கூடை. நம் தலைமுறையின் சரித்திரம் கல்லிலோ செம்பிலோ இல்லை, இவற்றில்தான் இருக்கிறது. வெயிலில் போட்டால் குடம் வெளுத்து நொறுங்கும். நிழலில் ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தால் பேத்திக்குக் காட்டலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டுப் பரணில் ஏறுங்கள். கை வைப்பதற்கு முன்னால் மூக்கை அனுப்புங்கள். புளிப்பு வாடை வந்தால் அன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள். அடுத்த கோடை வரை அது காத்திருக்காது.